கடத்தியும் காவலியும்: உயர்வலு நுண்ணலைப் பொறியியலிற் பொருள் தெரிவு

ஒரு கருவி எப்பொருளாற் செய்யப்படவேண்டும் என்ற வினாவைத் தொழில்நுட்பத்தாருக்கே உரியதெனக் கருதி ஒதுக்கிவிடும் வழக்கம் கலைத்துறையினரான எம்மிடையே நெடுங்காலமாக உண்டு. ஓர் இலக்கியம் எத்தகைய சமூகச் சூழலிற் பிறந்தது, யாருடைய நலனைப் பேணிற்று என்றெல்லாம் நுணுகி ஆராயும் நாம், செப்புக் குழாயொன்றையோ பீங்கான் வில்லையொன்றையோ அவ்வாறு நோக்க முற்படுவதில்லை. உற்பத்திச் சக்திகளைப் பற்றி ஓயாது பேசும் முற்போக்காளரிடத்தும், அச்சக்திகள் உண்மையில் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறியும் ஆர்வம் அருகியே காணப்படுகின்றது. இக்குறையை ஒரு சிறு துறையளவிலேனும் போக்குவதற்கான முயற்சியே இக்கட்டுரை.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் துறை உயர்வலு நுண்ணலைப் பொறியியல் ஆகும். ஏறத்தாழ ஒரு மீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரை அலைநீளமுடைய மின்காந்த அலைகளையே நுண்ணலை என்பர். ரேடார் பரப்பிகள், துணிக்கை வேகவளர்ச்சிக் கருவிகள், புற்றுநோய்ச் சிகிச்சைக்கான நேர்கோட்டு ஆர்முடுக்கிகள், அணுக்கருச் சேர்க்கை ஆய்வுகள், சமையலறை நுண்ணலை அடுப்பு ஆகிய யாவும் இவ்வலையைப் பெருவலுவிற் பயன்படுத்துகின்றன. இக்கருவிகளில் மின்னைக் கொண்டுசெல்லும் உலோகம் எது, அதனைத் தடுத்துக் காக்கும் காவலி எது என்ற தெரிவு எவ்வாறு நிகழ்கின்றது என்பதே எமது வினா. இலத்திரன், மீடிறன், காவலி முதலிய சொற்களை ஈழத்துப் பாடநூல் மரபைத் தழுவியே கையாண்டுள்ளேன். மீடிறன் என்பதைத் தமிழகத்தார் அதிர்வெண் என வழங்குவர்.

கட்டுரையின் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் தகும். ‘நல்ல கடத்தி’, ‘நல்ல காவலி’ என்று தனித்து நிற்கும் பொருள் எதுவுமில்லை. மீடிறன், வெப்பநிலை, மேற்பரப்பு, அயலிலுள்ள பொருள் ஆகியவற்றோடு கொள்ளும் தொடர்பிலேயே பொருளொன்று நல்லதாகவோ தீயதாகவோ ஆகின்றது. அத்தொடர்புகளுள் ஒன்றை மட்டும் பொறியியல் அட்டவணைகள் குறிப்பிடுவதில்லை. அப்பொருளை அரைத்தும் உருக்கியும் கடைந்தும் ஆக்குகின்ற தொழிலாளியோடு அதற்குள்ள தொடர்பே அதுவாகும்.

1. மேற்பரப்பின் முதன்மை

எமது வீடுகளுக்கு வரும் மின்னோட்டம் செக்கனுக்கு ஐம்பது சுற்றுக்கள் கொண்டு திசைமாறுவது. அது கம்பியின் குறுக்குவெட்டு முழுவதையும் பெரும்பாலும் நிரப்பிச் செல்கின்றது. ஆகவே கம்பி எவ்வளவு தடிப்பானது என்பதே அங்கு முக்கிய வினா. நுண்ணலை அடுப்பின் மீடிறனோ செக்கனுக்கு 245 கோடி. இவ்வளவு விரைவாக மாறும் மின்னோட்டம் உலோகத்தினுள்ளே தோற்றுவிக்கும் காந்தப்புலமும் அதேவிரைவில் மாறுகின்றது. அம்மாற்றம் உலோகத்தின் உட்பகுதியில் ஓட்டத்தை எதிர்த்து, அதனை மேற்பரப்பை நோக்கி ஒதுக்கிவிடுகின்றது. இதனைத் தோல் விளைவு என்பர். ஓட்டம் ஊடுருவும் ஆழத்தைத் தோலாழம் எனலாம். செம்பில் 50 சுற்று மின்னோட்டத்துக்குத் தோலாழம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். 245 கோடிச் சுற்றுக்கு அது 1.3 மைக்ரோமீற்றர் மாத்திரமே. அஃதாவது மனித மயிரின் தடிப்பில் ஏறக்குறைய ஐம்பதிலொரு பங்கு.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படும். முதலாவது, மின்னோட்டத்தைப் பொறுத்தவரை உலோகத்தின் உட்பகுதி இல்லாததற்குச் சமம். தோலாழத்தைப்போல் ஐந்து மடங்கு தடிப்புள்ள முலாமிட்டால் அடியிலிருப்பது எவ்வுலோகம் என்பதை அலை அறியாது. இரண்டாவது, மேற்பரப்பின் ஒவ்வொரு குறையும் பெருங்குறையாகின்றது. கடைசற்பொறி விட்டுச்சென்ற கீறல்கள் தோலாழத்தோடு ஒப்பிடத்தக்க அளவினவாயின் ஓட்டம் மேடுபள்ளங்களில் ஏறியிறங்கி நீண்ட வழி செல்லவேண்டியிருக்கும். கரடான மேற்பரப்பில் இழப்பு ஒப்பமான மேற்பரப்பின் இழப்பைப்போல் இருமடங்குவரை உயரக்கூடும். ஆகையால், எவ்வுலோகம் என்ற வினாவோடு, அது எவ்வாறு மெருகிடப்பட்டது என்ற வினாவும் ஒட்டிப்பிறக்கின்றது.

‘உயர்வலு’ என்ற அடைமொழி இவ்விடத்து முக்கியத்துவம் பெறுகின்றது. வானொலிப் பெட்டியொன்றில் ஆயிரத்திலொரு பங்கு இழப்பை எவரும் பொருட்படுத்தார். ஆயின், பத்து இலட்சம் வாற்று வலு பாயும் குழாயில் ஆயிரத்திலொரு பங்கு என்பது ஆயிரம் வாற்று. சமையலறை மின்னடுப்பின் சுருள் ஒன்று தரும் வெப்பத்துக்கு ஈடானது. அது சில சதுரசென்ரிமீற்றர் பரப்பிற் குவியுமாயின் பீங்கான் வெடிக்கும், பற்றாசு உருகும். உயர்வலுப் பொறியியலிற் பொருள் தெரிவென்பது, சாராம்சத்தில், தவிர்க்கமுடியாத இழப்பை எங்கே விழச்செய்வது, அவ்வெப்பத்தை எவ்வழியே வெளியேற்றுவது என்பதைத் தீர்மானிப்பதேயாகும்.

2. கடத்திகள்

அறைவெப்பநிலையில் மின்னை மிகச் சிறப்பாகக் கடத்தும் உலோகம் வெள்ளி. அடுத்து முறையே செம்பு, பொன், அலுமினியம் என்பன வரும். வெள்ளியின் கடத்துதிறன் செம்பினதைவிட நூற்றுக்கு ஆறளவே கூடியது. மேலும், தோல் விளைவு காரணமாக நுண்ணலை இழப்பு கடத்துதிறனின் வர்க்கமூலத்தையே சார்ந்துள்ளது. எனவே வெள்ளியால் இழப்பில் ஏற்படும் நயம் நூற்றுக்கு மூன்று மட்டுமே. இதே வர்க்கமூல விதி அலுமினியத்துக்குக் கைகொடுக்கின்றது. அதன் கடத்துதிறன் செம்பினதில் மூன்றிலிரு பங்குக்குச் சற்றுக் குறைவாயினும், இழப்பு கால்மடங்களவே மிகுகின்றது. எடை குறைவாயிருத்தலால் விமான ரேடார்களின் அலைவழிக் குழாய்களுக்கு அலுமினியத்தைத் தெரிவது பொருத்தமே. துருவேறா உருக்கின் இழப்போ செம்பினதைப்போல் ஆறு மடங்குக்கு மேற்பட்டது. அவ்வுருக்கை வெள்ளியாலோ செம்பாலோ முலாமிட்டால் இக்குறை நீங்கும். அப்பொழுது உருக்கு தாங்கும் எலும்பாகவும் முலாம் கடத்தும் தோலாகவும் தத்தம் பணியைச் செய்கின்றன.

பொன்முலாம் பற்றி ஒரு சிறு விளக்கம் வேண்டும். பொன் கறுப்பதில்லை, ஆதலால் இணைப்பிகளில் விரும்பப்படுகின்றது. செம்பின்மேல் நேரே பொன்னைப் பூசினாற் காலப்போக்கில் இரண்டும் ஒன்றினுள் ஒன்று ஊடுருவும். இதனைத் தடுக்க இடையே நிக்கற் படையொன்றை இடுவர். நிக்கல் காந்தத்தன்மையுடையது, நுண்ணலைக்கு மிகுந்த இழப்பைத் தருவது. சிக்கனம் கருதிப் பொன்னைத் தோலாழத்தினும் மெல்லியதாகப் பூசினால் ஓட்டத்தின் பெரும்பகுதி நிக்கலிலேயே பாயும். கண்ணுக்குப் பொன்னாகத் தோன்றுவது அலைக்கு நிக்கலாகவே இருக்கின்றது. வெளித்தோற்றத்தைக்கொண்டு பொருளின் தன்மையைத் துணிதல் இங்கும் தவறாகும்.

நுண்ணலையைப் பிறப்பிக்கும் மக்னெத்திரன், கிளைஸ்திரன் முதலிய வெற்றிடக் குழல்களினுள்ளே வேறு நிபந்தனைகள் மேலோங்குகின்றன. செம்பும் நாகமும் கலந்த பித்தளை கடைவதற்கு எளியது, விலை குறைந்தது. ஆயினும் வெற்றிடத்திற் சூடாகும்போது நாகம் ஆவியாகி வெளிப்பட்டு வெற்றிடத்தைக் கெடுக்கும். ஆகவே பித்தளைக்கு அங்கு இடமில்லை. செம்பிலும் எல்லாச் செம்பும் ஏற்றதன்று. சாதாரண மின்செம்பிற் சிறிதளவு ஒட்சிசன் செப்பொட்சைட்டாகத் தங்கியிருக்கும். கம்பியாகப் பயன்படும்போது அதனால் தீங்கில்லை. ஆனால் குழலின் பகுதிகளை ஐதரசன் நிரப்பிய உலையிற் பற்றாசுவைத்து இணைக்கும்போது, ஐதரசன் செம்பினுட் புகுந்து அந்த ஒட்சைட்டோடு தாக்கமுற்று நீராவியை உண்டாக்குகின்றது. வெளியேற வழியற்ற நீராவி செம்பின் மணிகளைப் பிளக்கும். பார்வைக்குத் திடமான செம்பு வெற்றிடம் தாங்காத சல்லடையாகிவிடும். இதனாலேயே நூற்றுக்கு 99.99 பங்கு தூய்மையுடைய, ஒட்சிசன் நீக்கிய செம்பு இத்துறையின் அடிப்படை உலோகமாயிற்று. செம்பின் உயர்ந்த வெப்பக் கடத்துதிறனும் அதன் பெருஞ்சிறப்பு. இழப்பு வெப்பத்தைக் குளிர்நீர்க் கால்வாய்க்கு விரைந்து சேர்ப்பதில் அதனை விஞ்சும் மலிவான உலோகம் வேறில்லை.

இழப்பையே ஏறக்குறைய ஒழிக்கும் வழியும் உண்டு. நையோபியம் என்னும் உலோகம் தனிவெப்பநிலை 9.2 பாகைக்குக் கீழே மீகடத்தியாகின்றது. ஹம்பேர்க்கில் 2017 இல் இயங்கத் தொடங்கிய ஐரோப்பிய எக்ஸ்-கதிர் லேசரின் ஆர்முடுக்கி, திண் நையோபியத்தாலான குழிகளை 2 பாகை அளவிற் குளிர்வித்துப் பயன்படுத்துகின்றது. எனினும் அவ்வெப்பநிலையில் தோன்றும் ஒரு வாற்று வெப்பத்தை வெளியேற்ற, குளிரூட்டும் பொறி பல நூறு வாற்று மின்னை உண்ணும். இழப்பு மறைந்துவிடுவதில்லை, குழியிலிருந்து குளிரூட்டி நிலையத்துக்கு இடம்பெயர்கின்றது. ஜெனீவாவிலுள்ள பெரிய ஹாட்ரன் மோதுகருவியின் குழிகள் மற்றொரு தீர்வைக் காட்டுகின்றன. அவை செம்பினாலானவை, உட்புறத்தில் மட்டும் மெல்லிய நையோபியப் படலம் பூசப்பட்டுள்ளது. ஓட்டம் பாயும் தோல் மீகடத்தி. வெப்பத்தைக் கொண்டுசெல்லும் உடல் செம்பு. மேற்பரப்பின் முதன்மை பற்றி முன்னர்க் கூறியது இங்கு முழுமையாகச் செயற்படுவதை அவதானிக்கலாம்.

3. காவலிகள்

காவலி என்ற சொல் மின்னைக் கடத்தாத பொருளைக் குறிக்கும். நேரோட்டத்துக்கு அவ்விளக்கம் போதும். நுண்ணலைக்குப் போதாது. காவலியினூடாக ஓட்டம் பாயாதபோதும் மின்புலம் ஊடுருவுகின்றது. நேர், மறை ஏற்றங்கள் சமச்சீரின்றி அமைந்த மூலக்கூறுகள், மாறும் புலத்தின் திசைக்கேற்பத் திரும்ப முயன்று அயலவற்றோடு உராய்கின்றன, பொருள் சூடேறுகின்றது. நீர் மூலக்கூறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நுண்ணலை அடுப்பிற் சோறு சூடாவதற்கும், ஈரம் உறிஞ்சிய காவலி உயர்வலுக் கருவியில் எரிந்துபோவதற்கும் காரணம் ஒன்றே. ஓரிடத்துப் பயன் மற்றோரிடத்து நாசமாகின்றது.

காவலியில் தோன்றும் வெப்பம் நான்கு கணியங்களின் பெருக்கத்தைச் சாரும். மீடிறன், மின்புலத்தின் வர்க்கம், பொருளின் மின்கோடுபுகுதிறன், அதன் இழப்புக் காரணி என்பனவே அவை. முதலிரண்டும் கருவியின் தேவையாற் பெரிதும் நிர்ணயிக்கப்படுவன. பின்னிரண்டுமே பொருள் தெரிவுக்கு உட்பட்டவை. பொலித்தீன், ரெப்லோன் ஆகியவற்றின் மூலக்கூறுகள் சமச்சீரானவை. ஆகையால் அவற்றின் இழப்புக் காரணி பத்தாயிரத்தில் இரண்டு மூன்று என்ற சிற்றளவினது. தூய அலுமினாப் பீங்கானுக்கு அது பத்தாயிரத்தில் ஒன்றளவே. எமது வீட்டு மின்கம்பிகளின் உறையான பீவீசீ நுண்ணலைக்கு இவற்றைப் போலப் பன்மடங்கு இழப்புடையது. ஐம்பது சுற்று மின்னோட்டத்துக்கு நல்ல காவலியான ஒன்று, மீடிறன் மாறியதும் தீய காவலியாவதற்கு இதனிலும் எளிய சான்று வேண்டியதில்லை.

ஆயினும் இழப்புக் காரணி ஒன்றையே கொண்டு தெரிவை முடித்துவிட இயலாது. தோன்றிய வெப்பம் வெளியேறுதல் வேண்டும். ரெப்லோனின் வெப்பக் கடத்துதிறன் மிகத் தாழ்ந்தது. அலுமினா அதனைவிட நூறு மடங்களவு சிறப்பாக வெப்பத்தைக் கடத்தும். பல காவலிகளிற் சூடேற இழப்பும் ஏறுகின்றது. கூடிய இழப்பு மேலும் சூட்டைத் தர, அச்சூடு இழப்பை மீண்டும் கூட்டுகின்றது. குறிப்பிட்ட எல்லைவரை பொருள் அமைதியாகத் தோன்றும். எல்லை கடந்ததும் சில கணங்களில் அழிந்துவிடும். அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்ற இயங்கியற் கூற்றை விளக்க நீர் கொதித்தலையே நாம் காலங்காலமாக எடுத்தாண்டு வருகின்றோம். உயர்வலுக் காவலியின் இவ்வெப்ப ஓட்டம் அதற்கு இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

இச்சிக்கல்கள் யாவும் ஒருங்கு கூடும் இடம், வெற்றிடக் குழலின் ‘சாளரம்’ எனப்படும் பகுதி. நுண்ணலை வெளியே செல்லவேண்டும், காற்று உள்ளே புகலாகாது. இவ்விரு பணியையும் ஒரு சிறு பீங்கான் வில்லை ஆற்றுகின்றது. அதன் விளிம்பை உலோகத்தோடு வெற்றிடம் தாங்கும்படி ஒட்டவேண்டும். செம்பு சூட்டில் விரியும் அளவு அலுமினா விரியும் அளவைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டது. வெள்ளியும் செம்பும் கலந்த பற்றாசு உருகும் 780 பாகையில் ஒட்டியவை அறைவெப்பநிலைக்குக் குளிரும்போது ஒன்றையொன்று இழுத்துப் பிளக்க முற்படும். செம்பின் விளிம்பைத் தகடளவாக மெலிவித்து நெகிழச்செய்வது ஒரு தீர்வு. இரும்பு, நிக்கல், கோபாற்று சேர்ந்த ‘கோவார்’ என்ற கலப்புலோகத்தை இடையே வைப்பது இன்னொரு தீர்வு. கோவார் பீங்கானோடு இயைந்து விரியும். ஆனால் நுண்ணலைக்குத் தீய கடத்தி. எனவே அதன்மேல் மீண்டும் செம்போ வெள்ளியோ முலாமிடவேண்டியதாகின்றது. ஒரு முரண்பாட்டின் தீர்வு அடுத்த முரண்பாட்டைத் தோற்றுவிக்கின்றது.

வெற்றிடத்தின் பக்கத்தில் வேறோர் ஆபத்தும் உண்டு. தப்பித் திரியும் இலத்திரனொன்று அலுமினாவில் மோதினால் பல இலத்திரன்கள் வெளிப்படலாம். அவை புலத்தால் முடுக்கப்பட்டு மீண்டும் மோதப் பெருக்கம் ஏற்பட்டு, சாளரம் சூடேறி வெடிக்கும். சில நனோமீற்றர் தடிப்பில் தைத்தேனியம் நைத்திரைட்டைப் பூசி இப்பெருக்கத்தை அடக்குகின்றனர். அப்பூச்சு தடித்துவிட்டால் அதுவே கடத்தியாகிச் சூடேறும்; மெலிந்துவிட்டாற் பயன்தராது.

அலுமினா தாங்காத வலுவுக்கு மேற்பட்ட பீங்கான்கள் இரண்டைக் குறிப்பிடலாம். பெரிலியம் ஒட்சைட்டு மின்னைக் கடத்தாது. வெப்பத்தையோ அலுமினாவைப்போல் எட்டு, பத்து மடங்கு கடத்துகின்றது. அதனிலும் மேலானது வைரம். 1960களிற் சோவியத் நாட்டின் கோர்க்கி நகரில் உருவாகிய கைரோத்திரன் என்னும் குழல் மில்லிமீற்றர் அலைகளிற் பெருவலுவைத் தந்தது. அதன் ஆற்றல் வளரவளரச் சாளரமே தடையாக நின்றது. நீலக்கல், போரன் நைத்திரைட்டு ஆகியவை முயன்று பார்க்கப்பட்டன. பின்னர் வாயுவிலிருந்து படியவைத்த செயற்கை வைர வில்லை அத்தடையை நீக்கிற்று. தென்பிரான்சிற் கட்டப்பட்டுவரும் ஈற்றர் அணுக்கருச் சேர்க்கை உலைக்கான கைரோத்திரன்கள், ஒவ்வொன்றும் பத்து இலட்சம் வாற்று வலுவை, இரண்டு மில்லிமீற்றருக்குங் குறைந்த தடிப்புடைய வைர வில்லையூடாகவே வெளிவிடுகின்றன.

வாயுவும் ஒரு காவலியே. சாதாரண அமுக்கத்திற் காற்று சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30,000 வோற்று வரை தாங்கும்; அதற்கு மேற் பொறி பறக்கும். குழாயிற் செல்லத்தக்க வலு புலத்தின் வர்க்கத்தைச் சாருமாதலால், புலத்தைத் தாங்குந்திறன் இரட்டித்தால் வலு நான்கு மடங்காகலாம். கந்தக எட்சாபுளோரைட்டு என்னும் வாயு காற்றைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு புலத்தைத் தாங்கும். உயர்வலு அலைவழிக் குழாய்களிற் பலகாலமாக அது நிரப்பப்பட்டு வந்தமைக்குக் காரணம் இதுவே.

4. வரலாற்றுச் சூழல்

இதுவரை கூறியவை இயற்கையின் விதிகள். இவ்விதிகள் எக்காலத்தில், எந்நெருக்கடியில் தேடிக் கண்டறியப்பட்டன என்பதை நோக்குமிடத்து வரலாறு குறுக்கிடுகின்றது. 1933 இல் இங்கிலாந்தின் வின்னிங்டன் ஆய்வுகூடத்தில், இம்பீரியல் கெமிக்கல் நிறுவனத்தைச் சேர்ந்த கிப்சன், போசெற் என்போர் எதிலீன் வாயுவைப் பெரும் அமுக்கத்துக்கு உட்படுத்திய பரிசோதனையொன்றில் எதிர்பாராது கிடைத்த மெழுகுபோன்ற பொருளே பொலித்தீன். அதன் தொழிற்சாலை உற்பத்தி 1939 செப்டெம்பரில், உலகப்போர் மூண்ட வேளையிலேயே தொடங்கிற்று. அதன் முதற்பெரும் பயன் ரேடார் வடங்களின் காவலியாக அமைந்தது. இன்று கடைதோறும் பையாகக் கிடக்கும் பொருள், ஒருகாலத்திற் போர் இரகசியமாக இருந்தது.

பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் ஆகிய இருவரும் 1940 பெப்ரவரியில் இயக்கிய குழி மக்னெத்திரன், செப்புத் திண்மத்திற் குடையப்பட்ட குழிகளைக் கொண்டது. முந்திய குழல்களில் கண்ணாடிக் குமிழினுள்ளே தொங்கிய மெல்லிய உலோகத் தகடுகள் வெப்பத்தை வெளியேற்ற வழியின்றித் தவித்தன. இதிலோ செப்புத் திண்மமே குழியாகவும், குழலின் சுவராகவும், வெப்பத்தின் வழியாகவும் அமைந்தது. பொருளையும் வடிவத்தையும் பிரித்துப் பார்க்க இயலாமைக்கு இது தக்க சான்று. அதே ஆண்டு செப்டெம்பரில் டிசார்ட் தூதுக்குழு ஒரு மக்னெத்திரனை ஐக்கிய அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றது.

அங்கே எழுந்த சிக்கல் உழைப்புப் பற்றியது. திண் செம்பில் நுண்ணிய அளவுகளோடு குழிகளைக் குடைவதற்குத் தேர்ந்த கடைசற்காரர் வேண்டும்; போர்க்காலத்தில் அவர்கள் அரியராயினர். ரேதியன் நிறுவனத்துப் பெர்சி ஸ்பென்சர், மெல்லிய செப்புத் தகடுகளை அச்சால் வெட்டி, பற்றாசுத் தகடுகளோடு அடுக்கி, ஐதரசன் உலையினூடாக ஓடும் பட்டியில் அனுப்பி ஒரே திண்மமாக்கும் முறையைப் புகுத்தினார். நாளொன்றுக்குப் பதினேழு என்றிருந்த உற்பத்தி, போர் முடிவதற்குள் 2,600 அளவுக்கு உயர்ந்ததாகக் கூறுவர். ஒட்சிசனற்ற செம்பும் ஐதரசன் உலையும் வேதியியற் காரணத்தால் மட்டும் வெற்றிபெறவில்லை. கைவினைஞரின் திறன் அச்சுக்கும் உலைக்கும் மாற்றப்பட்டு, பயிற்சி குறைந்த உழைப்பாலும் நுண்கருவியை ஆக்கலாம் என்ற உற்பத்தி உறவின் தேவையும் அவ்வெற்றிக்குத் துணைநின்றது. மனுஃபக்சர் முறையிலிருந்து இயந்திரத் தொழிலுக்கு மாறிய கட்டம் பற்றி மார்க்ஸ் கூறியது, ஒரு நூற்றாண்டு கழித்து ஒரு சில ஆண்டுகளுக்குள் மீள நிகழ்ந்தது எனலாம்.

5. அட்டவணையில் இல்லாத நிரல்

பொறியியல் கைந்நூல்களிற் பொருள்களின் அட்டவணையைப் புரட்டினால் கடத்துதிறன், இழப்புக் காரணி, விரிவுக் குணகம், விலை முதலிய நிரல்கள் காணப்படும். ஆக்குவோருக்கு நேர்வது என்ன என்ற நிரலை அவற்றிடையே காண்டல் அரிது.

பெரிலியம் ஒட்சைட்டை எடுத்துக்கொள்வோம். சுட்டு முடித்த வில்லையைத் தொடுவதால் தீங்கில்லை. அதனை அரைக்கும்போதும் வெட்டும்போதும் எழும் நுண்தூசு நுரையீரலை மெல்லமெல்லத் தழும்பாக்கி, பல ஆண்டுகள் கழித்தும் உயிரைப் பறிக்கும் நோயைத் தருகின்றது. 1940களில் மசச்சூசெற்சு மாநிலத்துச் சேலம் நகரில் ஒளிர்விளக்குத் தொழிற்சாலைகளில் வேலைசெய்தோரிடையே இந்நோயை ஆராய்ந்து ஹரியற் ஹார்டி என்னும் மருத்துவர் 1946 இல் எழுதினார். 1949 இல் அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு, ஒரு கனமீற்றர் காற்றில் 2 மைக்ரோகிராம் என்ற வரம்பை வகுத்தது. அவ்வரம்புக்குட்பட்ட இடங்களிலும் தொழிலாளர் நோயுற்றமை பின்னர்த் தெரியவந்தபோதும், ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு விதி அதனைப் பத்திலொன்றாகக் குறைத்தது 2017 இலேயே.

இக்கொடுமையை முதலாளித்துவத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடுவது எமக்கு வசதியாயிருக்கலாம், நேர்மையாகாது. 1990 செப்டெம்பரில், அன்று சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்திருந்த கசக்ஸ்தானின் உஸ்த்-காமெனோகோர்ஸ்க் நகரில் உல்பா உலோக ஆலையின் பெரிலியப் பிரிவு வெடித்து, நகரின்மேல் பெரிலியத் தூசு படர்ந்தது. தொழிலாளரின் பெயரால் நடைபெற்ற அரசிலும், எப்பொருளை எங்கே ஆக்குவது என்ற தெரிவில் அத்தொழிலாளருக்கும் அயலவருக்கும் குரல் இருந்ததில்லை. உடைமை உரிமை மாறியவிடத்தும் தெரிவுரிமை மாறாதிருத்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

ரெப்லோனின் வரலாறும் இதையொத்தது. டூபொண்ட் நிறுவனத்துப் பிளங்கற் 1938 இல் தற்செயலாகக் கண்ட இப்பொருள், நுண்ணலை வடங்களுக்கு ஈடிணையற்ற காவலி. அதனை ஆக்குவதிற் பயன்பட்ட பீஎப்ஓஏ என்னும் அமிலம் மேற்கு வேர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பேர்க் பகுதியில் ஆற்றிலும் கிணற்றிலும் கலந்தது. அதன் நச்சுத்தன்மை பற்றிய ஐயம் 1960களிலேயே நிறுவனத்தின் ஆய்வாளரிடையே எழுந்திருந்தமையை வழக்கு ஆவணங்கள் பின்னர் வெளிப்படுத்தின. 2001 இல் மக்கள் தொடுத்த வழக்கின் இணக்கப்பாட்டால் அமைந்த அறிவியற் குழு, சிறுநீரகப் புற்றுநோய் உட்பட ஆறு நோய்களோடு அவ்வமிலத்துக்குத் தொடர்பிருக்கக்கூடும் என 2012 இல் முடித்தது. 2017 இல் ஏறத்தாழ 67 கோடி டொலர் இழப்பீட்டுக்கு இணக்கம் காணப்பட்டது. 2019 இல் ஸ்டொக்ஹோம் சமவாயம் அவ்வமிலத்தைத் தன் பட்டியலிற் சேர்த்தது.

கந்தக எட்சாபுளோரைட்டோ எவருடைய நுரையீரலையும் நேரே தாக்குவதில்லை. ஆயினும் நிறைக்கு நிறை ஒப்பிடின் நூறாண்டுக் காலத்தில் அது காபனீரொட்சைட்டைப்போல் இருபதாயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கவல்லது. 1997 இன் கியோட்டோ உடன்படிக்கை கட்டுப்படுத்த முனைந்த ஆறு வகை வாயுக்களுள் அதுவும் ஒன்று. குழாயினுள் இழப்பைத் தவிர்த்த வாயு, கசிந்து வெளியேறியதும் உலகின் இழப்பாகின்றது.

6. தெரிவு என்பது யாது?

இங்கு இருவகை மயக்கங்களைத் தவிர்த்தல் வேண்டும். அறிவியலின் ஒவ்வொரு முடிவையும் வர்க்க நலனின் நேரடி எதிரொலியாகக் காண்பது கொச்சைச் சமூகவியல். தோலாழத்துக்கு வர்க்கம் இல்லை. எந்த ஆட்சியிலும் ஐதரசன் உலையில் ஒட்சிசனுள்ள செம்பு வெடிக்கவே செய்யும். மறுபுறத்தில், எண்கள் யாவற்றையும் தீர்த்துவைத்துவிடுகின்றன, மனிதர் தெரிவதற்கு எதுவுமில்லை என்பது தொழில்நுட்பவாதம். மேலே கண்ட எடுத்துக்காட்டுகள் இதனை மறுக்கின்றன. பெரிலியம் ஒட்சைட்டு நின்ற பல இடங்களில் இன்று அலுமினியம் நைத்திரைட்டு நிற்கின்றது. அதன் வெப்பக் கடத்துதிறன் சற்றுக் குறைவாயினும் அத்தகைய தூசுநோயை அது தருவதில்லை. அலைவழிக் குழாயைச் சற்றுப் பெரிதாக்கினாலோ, உலர்ந்த காற்றை அமுக்கி நிரப்பினாலோ, வெற்றிடமாக்கினாலோ கந்தக எட்சாபுளோரைட்டு இன்றியும் கருமம் ஆற்றலாம். இவ்வழிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. எடை கூடலாம், இடம் கூடலாம், செலவு கூடலாம். இயற்கைவிதி எல்லையை வகுக்கின்றது. அவ்வெல்லைக்குள்ளே எவ்விலையை யார் செலுத்துவது என்பதைச் சமூகமே தீர்மானிக்கின்றது.

தமிழிற் ‘பொருள்’ என்னும் சொல் சடப்பொருளையும், செல்வத்தையும், கருத்தையும் ஒருங்கே சுட்டுவது. இலக்கிய மாணவருக்கு மூன்றாவது பழகியது, பொருளியல் மாணவருக்கு இரண்டாவது, பொறியியலாளருக்கு முதலாவது. இம்மூன்றையும் ஒருசேர நோக்கும் பயிற்சி எமது பல்கலைக்கழகங்களில் எந்தப் பீடத்திலும் முறையாக அளிக்கப்படுவதில்லை. பொறியியற் பீடத்து மாணவர் பொருள் தெரிவு பற்றிய பாடத்தில் இழப்புக் காரணியைக் கணிக்கக் கற்கின்றனர். அத்தோடு, அப்பொருள் எத்தூசாகத் தொடங்கிற்று, யார் அதனைச் சுவாசித்தார், கழிபொருளானபின் எந்நாட்டில் யார் அதனை உடைக்கப்போகின்றார் என்ற வினாக்களையும் ஒரு நிரலாகச் சேர்த்து விடைகாணும்படி அவர்களைக் கேட்பது இயலாததொன்றன்று. அந்நிரலை நிரப்புவதற்கு வேண்டிய தரவுகளைத் தொழிற்சங்கங்களும் மருத்துவரும் வரலாற்றாசிரியரும் சேர்ந்தே திரட்டித் தரமுடியும். அப்பணியிற் கலைத்துறையினருக்கும் பங்குண்டு.